என் கையெழுத்தில் பிரிந்தவர்கள்

மதிப்பிற்குரிய ஐயா அவர்களே, அம்மணி அவர்களே,

உங்கள் பத்திரிகைக்கு இதை எழுத உட்கார்ந்து மூன்று முறை எழுந்துவிட்டேன். ஒரு முறை வாசல்வரை போய் வீதியைப் பார்த்தேன். ஒரு முறை எழுதியதைக் கிழித்தேன். ஒரு முறை காரணமே இல்லாமல் எங்கள் லயத்து வீட்டு வரிசையைச் சுற்றி நடந்துவிட்டு வந்தேன். வழக்கு இன்னும் முடியவில்லை. அதனால் கால் ஓரிடத்தில் நிற்கவில்லை. முடிந்த பின் எழுதலாமே என்றாள் என் மகள். முடிந்துவிட்டால் என் பங்கை நான் அழகாக மாற்றி எழுதிவிடுவேனோ என்று எனக்கு அச்சம். ஆகவே இப்போதே எழுதுகிறேன்.

ஹட்டனிலிருந்து பஸ்ஸில் முக்கால் மணி நேரத் தூரத்திலுள்ள ஒரு தோட்டத்தில் பிறந்தவன் நான். அதன் தேயிலைத் தொழிற்சாலையிலேயே வேலைசெய்து ஓய்வுபெற்றேன். ஐந்தாம் வகுப்புடன் பள்ளி நின்றது. மிச்சத்தைச் சாமான் சுற்றி வந்த பத்திரிகைத் தாள்களில் கற்றேன். நல்ல வசனம் எழுதவேண்டும் என்ற ஆசை எனக்கு அளவுக்கு மீறியே இருந்தது. நெடுங்காலம் தோட்டத் தொழிலாளர்களின் தலைவராகவும் இருந்தபடியால், எழுத வேண்டியவை யாவும் என்னிடமே வந்தன. தோட்டத் துரைக்கு அனுப்பும் மனு, கோயில் திருவிழா நோட்டீஸ், கலியாணப் பத்திரிகை. அவற்றுடன் பிரிவுக் கடிதமும்.

பிரிவுக் கடிதம் என்பதை வெளியூர் வாசகர்கள் அறியாதிருக்கலாம். புருஷனும் மனைவியும் சேர்ந்து வாழ முடியாது என்றானால் எங்கள் தோட்டத்தில் நீதிமன்றத்துக்குப் போவதில்லை. இரு பக்கத்தாரும் கோயிலுக்கு முன்னால் கூடுவார்கள். தலைவரும் கோயில் கமிட்டியாரும் இரண்டு பக்கத்தையும் விசாரிப்பார்கள். சமாதானம் ஆகவில்லையென்றால் தாலி ஒரு வெற்றிலைத் தட்டில் வைக்கப்பட்டு மாப்பிள்ளை வீட்டாரிடம் திரும்பிப்போகும். பிறகு ஒரு தாள் எழுதப்படும். முத்திரை ஒட்டி, அதன் மேல் இருவரும் கையொப்பமிட, சாட்சிகளும் இடுவார்கள். அன்றிலிருந்து அவர் வேறு பெண்ணைக் கட்டலாம், அவளும் வேறு ஆளைக் கட்டலாம் என்பது எல்லோருடைய நம்பிக்கை. என்னுடைய நம்பிக்கையும் அதுவே.

இப்படிப் பதினேழு கடிதங்கள் எழுதியிருக்கிறேன். 'இன்று தொடக்கம் ஒருவர் மீது ஒருவருக்கு யாதொரு பாத்தியதையும் இல்லையெனச் சுயபுத்தியோடும் முழு மனதோடும் ஒப்புக்கொண்டு' என்ற வசனத்தை அமைக்க எனக்கு ஒரு வாரம் பிடித்தது. அடுத்த தோட்டத்தவர்கள்கூட அந்த வசனத்துக்காகவே என்னைத் தேடி வந்தார்கள் என்று சொன்னால் அது பெருமையாக இருக்கும், ஆனால் உண்மை.

பதினேழாவது கடிதம் என் சொந்த மகளுடையது.

அவளுடைய கணவர் கொழும்புக்கு வேலைக்குப் போனார். முதலில் மாதம் ஒரு முறை வந்தார், பிறகு தீபாவளிக்கு வந்தார், பிறகு அதற்கும் வரவில்லை. நான்கு வருடங்களுக்கு முன்னர் இரு பக்கத்தாரும் பேசிப் பிரித்துவிடுவது என்று முடிவானது. அப்போது பேத்திக்கு மூன்று வயது. எழுதுவதற்கு வேறு யாரும் இல்லை. மகளின் வழக்கைத் தகப்பனே எழுதினால் பட்சபாதம் என்று பேச்சு வருமே என்று எனக்குப் பெரிய கவலை. ஆகவே யாரும் கேளாமலே ஒரு வரியைச் சேர்த்தேன்: 'பெண் குழந்தை தாயிடம் வளரும், குழந்தைக்கு ஏழு வயது நிறைந்த பின்னர் தகப்பன் கேட்குமிடத்து, எவ்வித ஆட்சேபணையுமின்றி ஒப்படைக்கப்படும்.' கமிட்டியார் தலையசைத்தார்கள். "தலைவருன்னா இவருதான். மகளுன்னும் பாக்கல, மருமகன்னும் பாக்கல" என்று ஒருவர் சொன்னது என் காதில் விழுந்தது. அன்று எனக்கு அது இனித்தது.

மகள் அந்த வரியை வாசிக்கவில்லை. அழுதுகொண்டே கையொப்பமிட்டாள்.

இந்த வருடம் பேத்திக்கு ஏழு வயது நிறைந்தது. பள்ளி விடுமுறை நாளொன்றில், மகள் கொழுந்தெடுக்க மலைக்குப் போயிருந்த வேளை, லயத்து வாசலில் ஓட்டோ ஒன்று வந்து நின்றது. மருமகன் இறங்கினார். இப்போது அவர் பொல்பிட்டியப் பக்கம் ஒரு கடையில் வேலை செய்கிறார் என்றும், அங்கே வேறொரு பெண்ணோடு குடும்பமாக இருக்கிறார் என்றும் கேள்விப்பட்டிருந்தேன். கையில் புது உடுப்புப் பையும், நெகிழி உறையில் போட்ட ஒரு தாளும் இருந்தன. என்னை வணங்கினார்.

"மாமா, நல்லாருக்கீங்களா? புள்ளையக் கூட்டிட்டுப் போக வந்தேங்க."

"மகள் மலையில இருக்கா. வரட்டும், பேசிக்குவோம்."

"அவகிட்ட பேச என்னா மாமா இருக்கு? நீங்க எழுதுனதுதான. நீங்களே வாசிச்சுப் பாருங்க." தாளை நீட்டினார். "ஏழு வயசுன்னு போட்டிருக்கீங்க. நான் ஆறு வயசுல வந்து கேட்டனா? ஒங்க எழுத்துக்கு மரியாத குடுத்து நாலு வருசம் பொறுத்திருந்தேங்க."

அவர் கேலியாகச் சொல்லவில்லை. அதுதான் என்னைக் கட்டிப்போட்டது. தாளை வாங்கி முழுவதும் வாசித்தேன். ஒரு பிழையும் இல்லை. ஐயா, அம்மணி, நான் செய்ததை ஒளிக்காமல் எழுதுகிறேன்: பேத்தியைக் கூப்பிட்டு, முகம் கழுவிவிட்டு, தலைவாரி, சப்பாத்துப் போட்டுவிட்டு, என் கையால் அவளை ஓட்டோவில் ஏற்றினேன். அவள் சந்தோஷமாகத்தான் ஏறினாள். ஓட்டோவில் சவாரி என்று நினைத்திருப்பாள். வளைவில் திரும்பும்போது எட்டிப் பார்த்துக் கையசைத்தாள். எழுத்து என்றால் எழுத்து என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். ஆனால் ஓட்டோவின் சத்தம் அடங்கியதிலிருந்து என்னால் உட்கார முடியவில்லை. காலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக் களம்வரை நடந்தேன், திரும்பி வந்தேன், மறுபடி நடந்தேன்.

மகள் நாலரை மணிக்கு வந்தாள். தலையிலிருந்த கூடைக் கயிற்றைக்கூடக் கழற்றவில்லை.

"அப்பா, புள்ள எங்க?"

சொன்னேன். அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் இஸ்தோப்புத் திண்ணையில் அப்படியே உட்கார்ந்து என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"எழுதிக் குடுத்தீங்களா? எம்புள்ளைய?"

"நாம ஒப்புக்கிட்டதுதான தாயி. நீயும் கையெழுத்து வச்சிருக்க."

"ஒங்க எழுத்து பெருசா, எம்புள்ள பெருசா?" என்றாள். "கறவமாட்ட வித்தாக்கூட கண்டுக்குட்டிய ரெண்டு நாள் கூட வச்சிட்டுத்தான் குடுப்பாங்க. நீங்க நான் வர்ற வரைக்கும் கூட வச்சிருக்கலயே."

அதன் பிறகு ஐந்து வாரம் அவள் என்னோடு தேவைக்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. சோறு போடுவாள், "சாப்பிடுங்க" என்பாள், அவ்வளவே.

மறுநாளே ஹட்டனுக்குப் போனோம். எங்களிடம் இருந்த கடிதத்தின் பிரதி எடுக்க ஒரு கடைக்குள் நுழைந்தபோது, கடைக்கார முஸ்லிம் நானா அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, "யாரு தலைவரே எழுதின? எழுத்து முத்து முத்தா இருக்கே!" என்றார். மகள் வெளியே போய் நின்றுகொண்டாள்.

சட்டத்தரணி அம்மையார் கொட்டகலைப் பக்கத்துத் தோட்டமொன்றில் பிறந்தவர். எங்கள் பேச்சு அவருக்குப் புரியும். கடிதத்தை இரண்டு முறை வாசித்தார். பிறகு கலியாணம் பதிவு செய்ததா என்று மட்டும் கேட்டார். ஆம், கோயில் வாசலிலேயே விவாகப் பதிவாளர் புத்தகத்தோடு வந்து பதிந்தார் என்றேன்.

"அப்படின்னா, ஐயா, இவங்க இன்னைக்கும் புருசன் பொண்டாட்டிதான்."

நான் சிரித்துவிட்டேன். தாலி திரும்பிப்போய் நான்கு வருடமாயிற்று என்றேன். அவர் சிரிக்கவில்லை. பதிந்த விவாகத்தைக் கலைக்க இந்த நாட்டில் மாவட்ட நீதிமன்றத்துக்கு மட்டுமே அதிகாரம் உண்டு என்றார். அதுவும் கேட்டவுடன் கலைக்காது. விவாகத்தின் பின் பிறரோடு உறவு கொண்டது, வேண்டுமென்றே கைவிட்டுப் போனது, விவாகத்தின் போதே தாம்பத்தியத்துக்கு இயலாதிருந்தது. இந்த மூன்றில் ஒன்றை ஒருவர் மற்றவர் மீது நிரூபிக்க வேண்டும். இருவருக்கும் பிடிக்கவில்லை, இருவரும் சம்மதம் என்பது காரணமாகாது. நிரூபித்தாலும் முதலில் ஒரு கட்டளை. அதற்கு மூன்று மாதம் கழிந்த பின்னரே முடிவான கட்டளை. அதுவரை யார் மறுமணம் செய்தாலும் அது செல்லாது, குற்றமுமாகும்.

ஆனாலும் நான் விடவில்லை.

"கீழ்க் கிராமத்துச் சிங்களச் சனங்க அரசாங்கக் கச்சேரிக் கந்தோர்லயே ரெண்டு பேரும் ஒப்புக்கிட்டுப் பிரிஞ்சுக்கிறாங்களே, லாயரம்மா? நானே என் கண்ணால பாத்திருக்கேன். கோர்ட்டும் இல்ல, ஒண்ணும் இல்ல."

"அது கண்டிச் சட்டம், ஐயா. அவங்க அந்தச் சட்டப்படி கட்டுறாங்க, அந்தச் சட்டப்படி பிரியறாங்க. முஸ்லிம் ஆளுங்களுக்கும் தனிச் சட்டம் இருக்கு. நமக்குப் பொதுச் சட்டம். பக்கத்து வீட்டுச் சாவி நம்ம கதவத் தெறக்குமா?"

அங்கேதான் பிழை நேர்ந்தது என்று அப்போது விளங்கிற்று. எங்கள் பெரியவர்கள் கிராமத்தார் கந்தோரில் பிரிவதைப் பார்த்தார்கள். நம் கோயில் கமிட்டியும் அப்படி ஒரு கந்தோர்தான் என்று எண்ணிக்கொண்டார்கள். நான் அந்த எண்ணத்துக்கு வசனம் போட்டேன்.

"அப்ப புள்ள?" என்று மகள் முதல் முறையாக வாயைத் திறந்தாள். "ஏழு வயசுன்னு எழுதியிருக்கே?"

பிள்ளை விடயத்தில் தாய் தகப்பன் என்ன எழுதிக்கொண்டாலும் அது நீதிமன்றத்தைக் கட்டாது என்றார் சட்டத்தரணி. பிள்ளைக்கு எது நல்லது என்பதையே நீதிபதி முதலில் பார்ப்பார். யார் இதுவரை வளர்த்தது, எங்கே படிக்கிறது, யாரோடு பாதுகாப்பு என்பவையே கேள்வி. தகப்பனுக்கும் உரிமை உண்டு. பழைய சட்டத்தில் அது பெரிய உரிமை. ஆனால் பிள்ளையின் நன்மைக்கு முன்னால் அது வளையும். யாரிடம் இருந்தாலும் செலவுக்குக் கொடுக்கும் கடமை தகப்பனை விட்டுப் போகாது.

பிறகு என் பக்கம் திரும்பினார். விவாகரத்து வழக்குப் போட்டு, அது முடியும்வரை பிள்ளை தாயிடம் இருக்க இடைக்காலக் கட்டளை கேட்போம் என்றார். எதிர்ப்பக்கம் இந்தக் கடிதத்தைத்தான் நீட்டுவார்கள். ஆகவே நான் ஒரு சத்தியக்கடதாசி கொடுக்க வேண்டும்: இதை எழுதியவன் நானே, எனக்கு அதற்கு அதிகாரமில்லை, தோட்டத்து வழக்கப்படி எழுதியது, அந்த வரியை என் மகள் அறியாமலே ஒப்பமிட்டாள்.

"வேற கடிதங்களும் எழுதியிருக்கீங்களா, ஐயா?"

நான் கூரையைப் பார்த்தேன்.

"எழுதியிருக்காங்க," என்றாள் மகள். "பதினேழு."

அடுத்து வந்த நாட்களை எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. காலையில் எழுந்து எங்கள் பசுவைக் கறந்து, வீடுகளுக்குப் பால் கொண்டுபோய்க் கொடுப்பேன். பிறகு எந்த வேலையும் ஓடாது. பதினாறு குடும்பங்களும் ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டன. கடையில் பட்டன, கோயிலில் பட்டன, பஸ் நிற்கும் இடத்தில் பட்டன. என் கடிதத்தை நம்பி ஆறேழு பேர் மறுபடி கலியாணம் செய்திருந்தார்கள். நான் சத்தியம் செய்து எழுத்து செல்லாது என்றால் என் பேத்தி வீடு திரும்பக்கூடும். அவர்களுடைய குடும்பங்கள் என்னவாகும்? செல்லும் என்று மழுப்பினால் அவர்கள் நிம்மதியாக இருப்பார்கள். என் மகளின் பிள்ளை பொல்பிட்டியவில் வளரும். நடந்து நடந்து யோசித்தேன். நடையால் எதுவும் தீரவில்லை.

தோட்டத்தில் எந்தச் செய்தியும் ஒளித்து வைக்க முடியாது. மேல் லயத்துப் பெண்ணொருத்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து நின்றாள். பத்து வருடங்களுக்கு முன்னர் அவளுக்கும் முதல் கணவருக்கும் பிரிவுக் கடிதம் எழுதியவன் நான். பிறகு கோயிலில் அவளுக்கு இரண்டாவது தாலி கட்டியபோது முன்வரிசையில் நின்றவனும் நான். அவளுடைய புருஷனும் பின்னால் வந்திருந்தார்.

"தலைவரே, நம்ம கடதாசி செல்லாதுன்னு கோர்ட்டுல சொல்லப் போறீங்களாமே?"

"உட்காரு."

"உக்காரல. சொல்லுங்க. செல்லாதுன்னா நான் யாரு பொண்டாட்டி?"

அவளுடைய புருஷன் முந்திக்கொண்டார். "பத்து வருசமா இவகிட்ட ஏச்சு வாங்குறேன். எனக்கு இன்னும் கலியாணமே ஆகலயாம்ல! இத மொதல்லயே சொல்லியிருந்தா தப்பிச்சிருப்பேனே, தலைவரே!"

"நீ வாய மூடு," என்றாள் அவள். சிரிப்பு வந்துவிட்டது, கண்ணும் கலங்கிவிட்டது. "ரெண்டு புள்ளைக இருக்குங்க. அதுகளுக்கு ஒண்ணும் ஆகாதே?"

சட்டத்தரணியிடம் நான் அதைக் கேட்டு வைத்திருந்தேன். பிள்ளைகளைச் செலவுக்குக் கொடுத்துத் தாபரிக்கும் கடமை, தாய் தகப்பன் முறைப்படி மணந்தார்களா இல்லையா என்பதைப் பொறுத்ததல்ல, தகப்பன் பெயர் பிறப்புச் சான்றிதழில் இருக்கிறது, பயப்படாதே என்றேன். ஆனால் அவளுடைய முதல் விவாகம் பதிந்தது; முதல் கணவர் உயிரோடு இருக்கிறார். நீதிமன்றத்தில் அதை முடித்த பின்னரே இவரோடு பதிய முடியும். அதை நான் பத்து வருடங்களுக்கு முன்னரே சொல்லியிருக்க வேண்டும். எனக்கே தெரியாது என்றேன்.

"தெரியாமத்தான் அவ்வளவு அழகா எழுதுனீங்களா?" என்று கேட்டாள் அவள். கோபத்தில் கேட்கவில்லை. உண்மையிலேயே தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள். பிறகு, "போயி சொல்லுங்க, தலைவரே. ஒங்க பேத்தி வரட்டும். நம்ம கதைய அப்புறம் பாப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனாள். அந்தப் பெருந்தன்மைக்கு நான் தகுதியானவன் அல்லன்.

மறுநாள் சமாதான நீதவான் முன்னிலையில் சத்தியக்கடதாசியில் ஒப்பமிட்டேன். அதைச் சட்டத்தரணியின் எழுதுநர் சாதாரண வசனத்தில் தட்டச்சு செய்திருந்தார். ஒரு சொல்லையும் நான் திருத்தவில்லை.

ஐந்தாவது வாரத்தில் வழக்குத் தவணை. நீதிமன்றத்தில் பேச்சு முழுவதும் சிங்களத்தில். மொழிபெயர்ப்பாளர் எங்களுக்குத் தமிழில் சொன்னார். மருமகன் அதே நெகிழி உறையோடு வந்திருந்தார். நீதிபதி என் கடிதத்தின் மொழிபெயர்ப்பை வாசித்துவிட்டு என்னை எழுந்து நிற்கச் சொன்னார். யார் உங்களுக்கு இந்த அதிகாரம் கொடுத்தது என்று கேட்டார். ஒருவரும் கொடுக்கவில்லை, கேட்டார்கள், எழுதினேன் என்றேன். இனி எழுதுவீர்களா என்றார். இல்லை என்றேன். அவ்வளவுதான். நான் ஒரு நீண்ட பதில் ஆயத்தம் செய்து வைத்திருந்தேன்; அதற்கு அங்கே இடமிருக்கவில்லை.

பேத்தி ஐந்து வாரமாகப் பள்ளிக்குப் போகவில்லை என்பது அப்போது தெரிய வந்தது. விடுமுறை முடிந்தும் விடுகைப் பத்திரம் இல்லாததால் அவளை எங்கும் சேர்க்க முடியவில்லை. மருமகன் அதை மறைக்கவில்லை. தம் தாய்க்கு உடல்நலமில்லை, அவர் பேத்தியோடு இருக்க ஆசைப்பட்டார், கடிதம் செல்லும் என்றே தாம் நம்பினதாகச் சொன்னார். அவரும் இன்னொரு பெண்ணோடு குடும்பம் நடத்துவது அதே கடிதத்தை நம்பித்தான். இன்று அதுவே அவருக்கெதிரான விவாகரத்துக் காரணமாக நிற்கிறது. அவர் பக்கம் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

வழக்கு முடியும்வரை பிள்ளை தாயிடம் இருக்க வேண்டும். தகப்பன் இரண்டு வாரத்துக்கு ஒரு ஞாயிறு பகலில் வந்து பார்க்கலாம், அழைத்துப்போய் மாலைக்குள் கொண்டுவந்து விடலாம் என்று கட்டளையாயிற்று. நன்னடத்தை அலுவலர் வெளி விறாந்தையில் வைத்துப் பிள்ளையை மகளிடம் கொடுத்தார். மகள் அவளைத் தூக்கிக்கொண்டாள். ஏழு வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பஸ் நிலையம்வரை நடந்தாள். நான் உடுப்புப் பையை எடுத்துக்கொண்டு பின்னால் போனேன்.

பஸ்ஸில் எனக்கு முன் ஆசனத்தில் இருவரும் இருந்தார்கள். பாதி வழியில் பேத்தி முழங்காலிட்டுத் திரும்பி, ஆசனத்தின் மேலால் என்னைப் பார்த்தாள்.

"தாத்தா, அப்பா திரும்பி வந்து கேட்டாங்கன்னா என்னயக் குடுத்துருவீங்களா?"

பஸ்ஸில் நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். மகள் திரும்பவில்லை, ஆனால் காது என் பக்கம் இருந்தது.

"மாட்டேன். அம்மாவக் கேக்காம யாருக்கும் குடுக்க மாட்டேன்," என்றேன்.

"என்னயும் கேக்கணும்," என்றாள் அவள்.

"ஒன்னயும் கேப்பேன்."

அவள் திரும்பி உட்கார்ந்துகொண்டாள். அன்று மாலை மகள் எனக்குத் தேநீர் வைத்துக் கொடுத்து, "சீனி போதுமாப்பா?" என்று கேட்டாள்.

எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். அடுத்த தவணை இன்னும் இருக்கிறது. நீதிபதி மனம் மாறலாம். மருமகன் வேறு சாட்சி கொண்டுவரலாம். அவருக்குரிய ஞாயிற்றுக்கிழமைகளில் அவர் பிள்ளையை அழைத்துப்போனதிலிருந்து திரும்பிவரும் வரை நான் வளைவுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டே இருக்கிறேன். அவர் இதுவரை ஒரு முறையும் பிந்தவில்லை. பிள்ளையும் அவரோடு சிரித்துக்கொண்டே வந்து இறங்குகிறாள். அதைப் பார்த்தும் என் கால் நிற்பதில்லை.

மற்ற பதினாறு குடும்பங்களுக்கும் நானே போய்ச் சொல்லி வருகிறேன். ஒன்பது வீடு ஆயிற்று. இரண்டு வீட்டில் திட்டினார்கள். ஒரு வீட்டில் கதவைச் சாத்தினார்கள். மேல் லயத்துப் பெண்ணையும் அவளுடைய புருஷனையும் அதே சட்டத்தரணியிடம் அழைத்துப்போனேன். அவளுடைய வழக்கு பதிவாகியிருக்கிறது. இந்த வாரம் சொல்ல வேண்டிய வீட்டில் ஒரு கிழவர் தனியாக இருக்கிறார். அவரிடம் எப்படித் தொடங்குவது என்று இன்னும் தெரியவில்லை.

ஐயா, அம்மணி, இதில் எழுதியவை நான் கண்டதும் செய்ததும் மட்டுமே. சட்டத்தை நான் கேட்டு விளங்கிய அளவுக்கே சொல்லியிருக்கிறேன். பிழையிருந்தால் அறிந்தவர்கள் திருத்தட்டும். அச்சிடாவிட்டாலும் இந்தத் தாள்களை எறிந்துவிடாமல் உங்களிடம் வைத்திருக்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.